பெயரை மறுத்த படிவம்

2024 மார்ச் 4

உறுப்பினர் பதிவுப் படிவத்தில் பெயரே இல்லாமல் மூன்று பதிவுகள் தரவுத்தளத்தில் சேர்ந்திருக்கின்றன. தரவின் வடிவை வரையறுக்கும் மாடல் கிளாஸில் நிபந்தனைகள் எல்லாம் சரியாகவே எழுதப்பட்டிருக்க, படிவத்தைப் பெற்றுக் கையாளும் கன்ட்ரோலரில், படிவத் தரவு வந்து சேரும் அளவுருவுக்கு முன் சரிபார்க்கச் சொல்லும் ‘வேலிட்’ குறிப்பு விடுபட்டிருந்ததால், ஜாவா நிரல் கட்டமைப்பான ஸ்பிரிங் அவற்றை ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை. குறிப்பைச் சேர்த்து, சரிபார்ப்பின் முடிவைத் தாங்கும் ‘பைண்டிங்ரிசல்ட்’ அளவுருவை அதற்கு அடுத்ததாகவே வைத்தேன். இடையில் வேறொன்று நின்றால் பயனருக்குப் பிழைச்செய்தி வராமல் ‘400’ என்ற பொதுவான பிழைப் பக்கம்தான் வரும்.

மார்ச் 5

நேற்றைய திருத்தத்திற்குப் பிறகு ‘கண்ணன்’ என்ற பெயரைப் படிவம் ஏற்க மறுக்கிறது. முதலில் எழுத்துகளைக் கணினிக்குரிய எண்களாக மாற்றும் என்கோடிங்கைச் சந்தேகித்தேன். ஆனால் சர்வரின் நிகழ்வுப் பதிவான லாகில் பெயர் சிதையாமல் தெளிவாகவே இருந்தது. குற்றம், பெயரில் எவையெல்லாம் வரலாம் என்று சொல்லும் ‘பேட்டர்ன்’ நிபந்தனையில் இருக்கிறது: அது யுனிகோடில் ‘எழுத்து’ என்று வகைப்படுத்தப்பட்டவற்றை மட்டுமே ஏற்கிறது, நம் புள்ளியும் காலும் கொம்பும் அங்கே எழுத்துகள் அல்ல, ‘குறிகள்’ என்னும் தனி வகை. பழைய சோதனையில் ‘அஅஅ’ என்று மட்டும் கொடுத்திருந்ததால் அது தேறிவிட்டது. தமிழ்ப் பெயர் கேட்கும் படிவத்தை ஓர் உண்மையான தமிழ்ப் பெயரைக் கொண்டு சோதிக்காமல் விட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. குறி வகையையும் பேட்டர்னில் சேர்த்துவிட்டேன்.

மார்ச் 6

‘மீனாட்சிசுந்தரம்’ நம் கணக்கில் ஒன்பது எழுத்து. நீளத்தை எண்ணும் ஜாவாவின் ‘லெங்த்’ கணக்கிலோ 16, ஏனெனில் ஒவ்வொரு குறியும் தனியாக எண்ணப்படுகிறது. படிவத்தின் உச்சவரம்பு 15. இப்பெயரை எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டினால், உலாவி கடைசிப் புள்ளியை ஓசையின்றி வெட்டிவிட்டு ‘மீனாட்சிசுந்தரம’ என்று அனுப்புகிறது. சர்வர் பார்க்கும்போது நீளம் சரியாக இருப்பதால் எந்தப் பிழையும் எழுவதில்லை. மறுக்கப்பட்ட பெயரையாவது மீண்டும் தட்டச்சு செய்யலாம். சிதைந்து சேமிக்கப்பட்ட பெயரை உரியவர் கவனிப்பதே அரிது. வரம்பைப் படிவத்திலும் மாடலிலும் 100 ஆக்கினேன்.

மார்ச் 7

‘பொன்னி’ இருமுறை பதிவாகியிருக்கிறது. ஒன்றில் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும், மற்றொன்றில் எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் உள்ளது. கண்ணுக்கு ஒன்று, ‘ஈக்வல்ஸ்’ ஒப்பீட்டுக்கு வேறு. சரிபார்ப்புக்கு முன்பே ஜாவாவின் ‘நார்மலைசர்’ கொண்டு, இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றும்படி எழுதினேன்.

பழைய பதிவுகளில் நீளம் சரியாக 15 இருக்கும் பெயர்களைத் தேடியெடுத்திருக்கிறேன். முழுப் பெயர் எதுவென்று நிரல் ஊகிக்கக் கூடாது என்பதால், நாளை ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துக் கேட்கவிருக்கிறோம்.