இழுக்காதே, வெட்டு

நாகசுரக் குடும்பத்துப் பையன் ராணுவத்தில் சேர்ந்தால் எங்கே போடுவார்கள்? என்னை பைப் பேண்டில் போட்டார்கள். பதினேழு வருடம் ஸ்காட்லாந்து மலைநாட்டு பேக்பைப் ஊதினேன்; பையில் காற்றை நிரப்பி வாசிக்கும் வாத்தியம்.

மத்தியப் பிரதேசத்தில் பச்மரியில் பயிற்சி. ஆரம்பத்தில் பையே கிடையாது, வெறும் பிராக்டிஸ் சாண்டர்தான். சாண்டர் என்பது விரல் வைத்து வாசிக்கும் குழல். விரல் ஏற்கெனவே பழகியிருந்ததுதான் எனக்குத் தலைவலி. நாகசுரத்தில் சீவாளி என்ற நாணல் ஊதுமுனை உதட்டில் இருக்கும். நாக்கால் துத்துக்காரம் போட்டு ஸ்வரத்தைப் பிரிக்கலாம். பைப்பில் அதே வேலை செய்யும் ரீட் மரத்துக்குள் போய்விடுகிறது, காற்று பையிலிருந்து வருகிறது. நாக்குக்கு வேலையே இல்லை. நடுவில் நிறுத்த முடியாது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது. ஒரே ஸ்வரம் இரண்டு தடவை வர வேண்டுமென்றால், இடையில் வேறொரு விரலை மின்னல் மாதிரி எடுத்து வைக்க வேண்டும். அதுதான் கிரேஸ் நோட். நான் அந்த இடத்தில் எல்லாம் கமகமாக வழுக்குவேன். பஞ்சாபிக்காரரான எங்கள் பேண்டின் தலைவர், பைப் மேஜர், "இழுக்காதே, வெட்டு" என்பார். அவர் ஸ்காட்லாந்தைப் பார்த்ததே இல்லை.

எங்கள் வாத்தியம் மீரட்டில் கடைந்தது. ஸ்காட்லாந்துக்காரர்களே நல்ல பைப்புக்கு ஆப்பிரிக்கக் கருமரத்தைத்தான் தேடுகிறார்கள், அது அங்கே விளையாத மரம். அசல் எங்கே என்று கேட்டால், அந்த வெட்டில் இருக்கிறது என்பேன். ஸ்கை தீவின் மக்ரிமன் பரம்பரையினர் அதை வாயால் பாடியே சொல்லிக்கொடுத்தார்களாம். அதற்கென்றே கான்டரக் என்று ஒரு சொற்கட்டு உண்டு. கேட்டதும் தவில் சொல்தான் ஞாபகம் வந்தது.

சாண்டரில் மொத்தமே ஒன்பது ஸ்வரம். நம் காதுக்கு அரிகாம்போதி ராகம் மாதிரி. மோகனம் தாராளமாக வரும்.

சொந்தக் காசில் ஒரு செட் வாங்கி, விடுப்பில் ஊருக்கு எடுத்துப் போனேன். மோகனத்தில் ஒரு கீர்த்தனையை வெட்டி வெட்டி வாசித்தேன். அப்பா முகம் சுளித்தார்.

"என்னடா, ஸ்வரத்தைக் கொத்திக் கொத்திப் போடுறே?"

அப்புறம் எழுந்து வந்து சாண்டரைக் கழற்றச் சொன்னார். உள்ளே இருந்த இரட்டை நாணல் ரீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீவாளிதான். கொஞ்சம் தடி."

"இந்த மூணு குழாயும் ஒத்து தானே? அதை மட்டும் போடு." ஒத்து என்றால் விடாமல் ஒரே சுருதி பிடிப்பது; பைப்பில் அந்தக் குழாய்களை ட்ரோன் என்போம்.

சாண்டர் துளையைத் துணியால் அடைத்துவிட்டு ஊதினேன். அவருடைய இரண்டரைக் கட்டை சுருதிக்கு ட்ரோன் ஏறக்குறைய பஞ்சமமாக நின்றது, கொஞ்சம் தூக்கல். குழாய்களின் மேல் துண்டுகளை அரை விரல் வெளியே இழுக்கச் சொன்னார். சேர்ந்ததும் நாகசுரத்தை எடுத்தார்.


முக்கால் மணி நேரம் ஒத்து மட்டும் போட்டேன். கை அசந்து போனது.