புதுப்பேட்டை மெக்கானிக் தம்பிகளுக்கு
பத்துப் பேருக்குக் குறைவா இருக்கிற ஷெட்டுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கட்டாயமில்லை. புதுப்பேட்டையில பல ஷெட்டுல மூணு நாலு பேர்தான். ஜாக் சறுக்கி விரல் நசுங்கினா செலவு யார் தலையில? (முதலாளிக்கு அன்னிக்கு மனசு இருந்தா பாதி தருவாரு.)

அதனால ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்ப்போருக்கும் இருக்கிற நல வாரியத்துல பதிவு பண்ணிடுங்க. வயசு 18 முதல் 60. ஆதாரோட போன் நம்பர் இணைக்கலைன்னா ஓடிபி வராது, விண்ணப்பம் அங்கேயே நிக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் நாமினி பேரை மாத்தாம விட்டவங்க நிறைய. புதுப்பிக்கிற தேதியையும் பார்த்துக்குங்க.

பத்துப் பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற கடையா? மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும் இஎஸ்ஐ உண்டு. உங்க பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. மொத்தம் 4 சதவீதத்தையும் உங்க சம்பளத்துல புடிச்சா சட்டப்படி தப்பு.