மனேச்சர் சுவாமிட மணி

பழைய மாணவர் மலருக்குப் பாடசாலை வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று கிழமை அலைந்து நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மலர் வந்தது. என் பெயருக்குக் கீழே அதிபர்களின் பட்டியல் மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கு இடம் விட்டுப் போய்விட்டதாம். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு எழுவான்கரையில், வாவியை ஒட்டி. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். பெயர்ப்பலகை இப்போது ‘மட்/’ என்று தொடங்கி ‘வித்தியாலயம்’ என்று முடிகிறது. அம்மா படித்த காலத்தில் றோ.க.த.க. பாடசாலை, அதாவது றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை. ஊரில் ஒருவரும் இரண்டையும் சொல்வதில்லை. ‘சுவாமிட பள்ளிக்கூடம்’, அதாவது பாதிரியாருடைய பள்ளிக்கூடம், அவ்வளவுதான்.

1893 இல் யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலை மறைமாவட்டம் பிரிந்தது. 1895 இல் பிரான்ஸ் தேசத்து இயேசு சபைக் குருமார் மட்டக்களப்புக்கு வந்தார்கள். நகரத்தில் புனித மிக்கேல் கல்லூரி அதற்கு முதலே, 1873 இல் தொடங்கியாயிற்று. எங்கள் ஊருக்குக் கல்லூரியா வரும்? கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதுதான் கோயில், மற்ற நாளில் பள்ளிக்கூடம். பீடத்தை மறைத்து ஒரு சீலைத் திரை; திரைக்கு அங்கால் நற்கருணைப் பேழை, இங்கால் அரிவரி வகுப்பு.

அந்தக் காலத்தில் அரசாங்கம் சும்மா காசு கொடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளின் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் சோதித்துத் தேறினவர்களை எண்ணித்தான் நன்கொடை. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் எருமை மேய்க்கப் போன பொடியன்களைக்கூடத் தேடிப் பிடித்துக் கழுவி உட்கார வைப்பார்களாம். வாத்தியாரை நியமிப்பதும் மாற்றுவதும் பங்குச் சுவாமி கையில். ஆகவே அவர் ‘மனேச்சர் சுவாமி’.

நாங்கள் கண்ணகை அம்மன் கோயில் குடி. ஆனாலும் பெத்தாவுக்கு, அதாவது பாட்டிக்கு, ‘அருள் நிறைந்த மரியே’ தண்ணிபட்ட பாடு. ஞானோபதேச வகுப்பில் எல்லாரோடும் இருந்து பாடமாக்கினது. “சொல்லாட்டி அடி விழும் மனே, மறுகா என்ன செய்யிற?” என்பாள். வைகாசிச் சடங்குக்குச் சுவாமி லீவு விட்டதையும் அதே மூச்சில் சொல்வாள். மிஷன் பள்ளிக்கூடங்கள் மதம் மாற்றத்தான் வந்தன என்று ஒரு கட்சி. அவை இல்லாவிட்டால் எழுத்தே வந்திருக்காது என்று மறு கட்சி. எனக்கு இரண்டிலும் முழுச் சம்மதம் இல்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் படித்ததும் படிப்பித்ததும் புனித மிக்கேலில். பிறகு அவரே இராமகிருஷ்ண மிஷன் பள்ளிக்கூடங்களைக் கட்டி எழுப்பினார்.

1960 டிசம்பர் முதலாம் திகதி உதவி நன்கொடைப் பாடசாலைகள் அரசாங்கத்தின் நிர்வாகத்துக்குள் போயின. பெரிய பாடசாலைகள் தனியாராகவே இருந்துகொள்ளலாம், கட்டணம் வாங்கக் கூடாது என்று ஒரு வழி விட்டார்கள். எங்களைப் போன்ற சின்னதுகளுக்கு அந்த வழியும் இல்லை. அடுத்த வருடச் சட்டத்தோடு கட்டடமும் கைமாறியது. அம்மா அப்போது ஐந்தாம் வகுப்பு. அவளுக்குச் சட்டம் ஒன்றும் தெரியாது, மணி மாறினதுதான் தெரியும். அதுவரை கோயில் மணிதான் பள்ளிக்கூட மணியும். புதுத் தவணையில் வேப்பமரத்தில் அரசாங்கத்து மணியாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. “கவுமேந்து மணி. தகரத்தில அடிச்ச மாதிரிச் சத்தம்.”

நான் சேர்ந்தது 1975 இல். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே மதில் கிடையாது. பன்னிரண்டு மணிக்குக் கோயிலில் திரிகால மணி அடிக்கும்; காலை, மத்தியானம், மாலை மூன்று நேரமும் செபத்துக்கு அடிக்கிற மணி அது. வாய்ப்பாடு பாதியில் நிற்கும். வேதக்காரப் பிள்ளைகளும் நாங்களும் சேர்ந்து எழும்புவோம். யாரும் எழும்பச் சொன்னதில்லை. மாற்றலாகி வந்த பெரிய வாத்தியார் பட்டை பட்டையாகத் திருநீறு பூசுகிற மனிதர். முதல் நாள் விழித்தார். இரண்டாம் நாள் கதிரையிலிருந்தபடி கரும்பலகையைப் பார்த்தார். அந்தக் கிழமை முடிவதற்குள் அவரும் எழும்பி, சோக்குக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, மணி ஓயும்வரை நின்றார்.

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை இரவு சூறாவளி. கோயில் ஓடும் பள்ளிக்கூட ஓடும் ஒன்றாகப் போயின. விடிந்து பார்த்தால் பெரிய வாத்தியார் கோயில் படியில் குந்தியிருந்து, பாடசாலையில் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கிற சம்பவத்திரட்டுப் புத்தகத்தை விரித்துக் காய வைக்கிறார். ஒவ்வொரு தாளாகப் பிரித்து, ஓட்டுத் துண்டைப் பாரம் வைத்து. வீட்டுக்கூரை போனவர், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் புத்தகம் இன்னும் இருக்கிறது. மலருக்காகப் போன மாதம் அலுவலகத்தில் இருந்து புரட்டினேன். மையால் எழுதினதெல்லாம் நீலக் கறையாக ஊறிப்போய்விட்டது. 1960 டிசம்பர்ப் பக்கத்தில் ஒரு கையெழுத்தின் வால் மட்டும். ஆனால் 1957 டிசம்பர் வெள்ளத்துக்குப் பாடசாலை மூடின குறிப்பு எழுத்துக்கு எழுத்து வாசிக்கலாம். யாரோ ஒரு பதில் வாத்தியார், சட்டத்துக்கு மாறாக, பென்சிலால் எழுதியிருக்கிறார்.

அதைப் படித்துக்கொண்டு இருக்கும்போது பக்கத்தில் மணி. இப்போது நடுவில் மதில் இருக்கிறது, மணியும் ஒலிபெருக்கியில்தான். வகுப்புகளில் ஒரு அசைவும் இல்லை. நான் பாதி எழும்பிவிட்டேன்.

“சேர், வெளிக்கிடுறீங்களா?” என்று இளம் அதிபர் கேட்டார்.

“இல்ல இல்ல” என்று இருந்து, அடுத்த பக்கத்தைப் பிரித்தேன்.