அத்தானின் ஆட்டப் பாட்டு

எங்கள் வீட்டில் ஓடுகிற பாட்டு யாருக்காவது பிடிக்கவில்லை என்றால், அது முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, அடுத்தது தொடங்குவதற்குள் "போதும், அணைச்சிரு" என்று சொல்லிவிடுவது வழக்கம். நடுப்பாட்டில் நிறுத்தச் சொன்னால் போட்டவருக்கு அவமானம். போட்டவர் வீட்டு மருமகன் என்றால் கேட்கவே வேண்டாம். இந்த ஏற்பாட்டின் அடிமடியிலேயே போன ஞாயிற்றுக்கிழமை கைவைத்துவிட்டார் அத்தான், அக்கா வீட்டுக்காரர்.

அமெரிக்கப் பாடகி மடோனா மறுபடியும் ஆட்டப் பாட்டு ஆல்பம் போடப் போகிறார் என்ற செய்தி வந்த நாளிலிருந்தே அத்தானுக்குக் கால் தரையில் இல்லை. 2005 நவம்பரில் வந்ததே, 'கன்ஃபெஷன்ஸ் ஆன் எ டான்ஸ் ஃப்ளோர்', அதற்கு இது தொடர்ச்சியாம். அதைச் செய்த ஸ்டூவர்ட் பிரைஸ்தான் இதற்கும் கூட இருக்கிறாராம். அதைவிட அத்தானைக் குளிர்வித்தது பாட்டு வெளியிடுகிற வார்னர் கம்பெனி சமாச்சாரம். 1982-இல் மடோனா பாட ஆரம்பித்தது அந்தக் கம்பெனியில். 2007-இல் அதை விட்டுப் போக முடிவு செய்தவர், இப்போது திரும்ப அங்கேயே வந்திருக்கிறார்.

"கேன்சல் அடிச்சிட்டுப் போனவள அதே அரபி திரும்பக் கூப்பிட்டு விசா குடுக்கான்னா, அவ வேலை தெரிஞ்சவன்னு அர்த்தம்" என்றார் அத்தான். கல்ஃபிலிருந்து திரும்பிய அவரை எந்த அரபியும் திரும்பக் கூப்பிடவில்லை என்பதை அக்கா அந்த நேரம் பார்த்து நினைவுபடுத்தியிருக்க வேண்டாம்.

அக்கா மேலுள்ள கோபத்தைத்தான் எங்கள் காதில் தீர்த்தாரோ என்னவோ. "மொதல் பாகம் கேக்காம ரெண்டாம் பாகம் கேட்டா ஒண்ணும் விளங்காது" என்று சொல்லி, ஞாயிறு பூசை முடிந்த கையோடு தன் ப்ளூடூத் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பச்சையும் சிவப்புமாக மின்னுகிற ஸ்பீக்கர். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பெரியம்மை ஒன்றும் பேசாமல் அதை எடுத்து முக்காலியில் வைத்தார். அடுப்பில் புளிமுளம் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மரச்சீனிக் கிழங்கு வேக இன்னும் நேரம் இருந்தது.

முதல் பாட்டு கடிகாரச் சத்தத்தில் தொடங்கும். டிக், டிக், டிக் என்று மெதுவாக. எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் யோக்கியதையைச் சொல்ல வேண்டும். பால்காய்ப்புக்கு வந்த நாளிலிருந்து ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். கடைசியாக மூன்று மணிக்கு நின்றது. மூன்று மணி செபத்துக்காவது சரியாக இருக்கும் என்று பெரியம்மை அதைக் கழற்ற விடவில்லை. இப்போது அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தவர் அண்ணாந்து பார்த்து, "கடியாரம் ஓடுகு பிள்ளே!" என்றார். அக்கா மகன் நாற்காலியில் ஏறி அதில் காதை வைத்துப் பார்த்தான். "ஓடல பாட்டி" என்று அவன் சொல்வதற்குள் பாட்டு வெடித்தது. அவன் நாற்காலியிலிருந்து விழாமல் தப்பியது சவேரியார் புண்ணியம்.

மாமாவுக்கு அந்த மெட்டு எங்கேயோ கேட்டதாகப் பட்டது. அத்தான் இதற்காகவே காத்திருந்தவர். ஸ்வீடன் நாட்டு 'ஆபா' குழு 1979-இல் போட்ட பாட்டிலிருந்து எடுத்த துண்டு அது என்றார். உடனே மாமாவுக்குள் இருந்த வக்கீல் குமாஸ்தா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டு எடுத்தாளா, கேக்காம எடுத்தாளா?"

"கேட்டுதான் மாமா. ஸ்டாக்ஹோமுக்கு ஆளனுப்பி, கெஞ்சி லெட்டர் குடுத்து வாங்கினா. அவிய லேசில குடுக்க மாட்டாவ. அதுக்கு முன்ன ஒரேயொரு குழுவுக்குத்தான் குடுத்திருக்காவ."

"ஆளனுப்பி, எழுத்துல?"

"எழுத்துல."

அவ்வளவுதான். மாமாவைப் பொறுத்தவரை ஆல்பத்துக்கு மதிப்பெண் போட்டாகிவிட்டது. பாட்டைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. மேற்கு வீட்டுக்காரர் நம் எல்லைக்குள் வந்து சக்கை, அதாவது பலாப்பழம், பறித்த கதை ஆரம்பித்தது. அந்த மரம் யார் நட்டது, வேர் யாருடைய பக்கம், கொம்பு யாருடைய பக்கம், பழைய சர்வேயில் என்ன இருந்தது, சர்வேயர் அன்றைக்கு எந்த வீட்டில் சாப்பிட்டார், எல்லாம் வந்தது. "சீமையில ஒரு பெண்ணு நாலு வரி மெட்டுக்கு ஆளனுப்பி எழுதிக் கேக்கா. இவன் முழுச் சக்கையக் கேக்காம கொண்டு போறான்" என்று முடித்தார். இது மேற்கு வீட்டுக்குக் கேட்கும்படிதான் சொல்லப்பட்டது. ஆனால் மடோனாவை மீறிக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

இங்கேதான் முதல் ஆபத்து தெரிந்தது. சக்கை கதை முடிந்தும் பாட்டு முடியவில்லை. மைனி என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அடுத்த பாட்டு எப்போதோ தொடங்கியிருந்தது, ஆனால் முந்தையது எங்கே முடிந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டால், அந்த ஆல்பமே அப்படித்தானாம். டிஸ்கோவில் விடிய விடிய ஓட்டுவது போல் பன்னிரண்டு பாட்டையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்திருக்கிறார்களாம். ஆடுகிறவர்கள் போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக. லண்டனில் அந்த ஸ்டூவர்ட் பிரைஸ் வீட்டு மச்சில் உட்கார்ந்துதான் பெரும்பாலும் செய்தார்களாம். மச்சில் உட்கார்ந்து யோசித்தவர்களுக்குக் கீழே சோறு காத்திருக்கிற வீடுகளைப் பற்றி எப்படித் தெரியும்? ஏறக்குறைய ஒரு மணி நேரம், "போதும்" என்று சொல்ல ஒரு நூல் இடைவெளி கிடையாது.

அக்கா மகன் சிங்காரி மேளம் என்கிற செண்டை அடிக்கப் போகிறவன். அவன் பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக் கூடவே தட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் கையை உதறினான். "நாலு அடி, நாலு அடி, நாலு அடி. காலம் மாறவே மாட்டேங்குதே சித்தி. நாங்க மெதுவா தொடங்கி, கேறிக் கேறிப் போய் ஒரு இடத்துல நிறுத்துவோம் பாத்தியளா, அப்பந்தான் சனம் கத்தும். இவிய நிறுத்தவே இல்லியே, சனம் எங்க கத்தும்?" அன்றைக்குப் பாட்டைக் கேட்டுச் சொல்லப்பட்ட கருத்து இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அத்தான் அவனைச் சின்னப் பையன் என்று ஒதுக்கிவிட்டார்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு சார் வந்தார். குறை சொல்ல வந்தவருக்கு ரசவடையும் சாயாவும் கொடுத்து உட்கார வைத்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "இவளுக்கு என்ன வயசு?"

1958 ஆகஸ்ட் 16 என்றார் அத்தான்.

"அறுபத்தேழு! இந்த வயசுல எதுக்கு ஆட்டமும் பாட்டும்? பேரப்பிள்ளையளப் பாத்துட்டு வீட்டுல இருக்கப்பிடாதா?"

எழுபதைத் தாண்டிய கதாநாயகன் பேத்தி வயதுப் பெண்ணோடு குதிப்பதைப் பார்க்க, விடிகாலைக் காட்சிக்கு நாகர்கோவிலுக்கு வண்டி பிடித்துப் போனவர் இந்த சார். திரும்பி வந்து, "மனுசனுக்கு வயசே ஆகல" என்று தெரு முழுக்கச் சொன்னவர். நான் அதை எடுக்கலாமா என்று வாயைத் திறந்தேன். மைனி ரசவடைத் தட்டை என் பக்கம் தள்ளினார். சரி என்று ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். ஆனால் எழுதும்போது யாரும் தட்டு தள்ள முடியாது.

வயசு என்றதும் பெரியம்மை வந்துவிட்டார். ஆதார் கார்டில் அவருக்கும் 1958தான். "அது சாரு பள்ளிக்கூடத்துல சேக்கச்சில வாய்க்கு வந்ததப் போட்டது. ஜில்லா சேந்தப்பம் நான் கைப்பிள்ளை. எனக்க அம்மை என்னைய இடுப்புல வச்சிட்டு ஊர்வலம் பாத்திருக்கா" என்றார். எங்கள் கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அப்படியானால் பெரியம்மை மூத்தவர், மடோனா இளையவர். இது தீர்ந்ததும் பெரியம்மையின் குரலே மாறிவிட்டது. அதுவரை 'இந்தச் சத்தம்' என்று இருந்தது, 'அந்தப் பிள்ளை' ஆகிவிட்டது.

அந்தப் பிள்ளை இந்த ஆல்பம் வெளிவரும் முன் குதிரையிலிருந்து விழுந்த கதையை அத்தான் எடுத்துவிட்டார். நாற்பத்தேழாவது பிறந்தநாளில் விழுந்து, காறை எலும்பும் கை எலும்பும் ஒடிந்து, அடுத்த சில வாரங்களிலேயே இறுக்கமான உடுப்பைப் போட்டு முதல் பாட்டின் வீடியோவுக்கு ஆடியிருக்கிறார். அந்த உடுப்பைப் பற்றி மாமா சொல்ல ஆரம்பித்ததைப் பெரியம்மை காதில் வாங்கவில்லை. "காறை எலும்பா? யாரு கெட்டினா? நம்ம வர்ம ஆசான்கிட்டக் கொண்டு வந்திருந்தா எண்ணெய் போட்டு, ஒத்தடம் குடுத்து, மூங்கில் பத்தை வச்சுக் கெட்டி... இங்கிலீஸ் வைத்தியம்னா மழைக்காலத்துல வலிக்கும் மக்கா. இப்பவும் வலிக்கும் பாரு." வர்மத்தைப் பற்றி ஆரம்பித்தால் எங்கள் பெரியம்மைக்கும் மடோனாவுக்கும் ஒரே குணம், நடுவில் இடைவெளி கிடையாது. புளிமுளம் அடிப்பிடித்தது அப்போதுதான்.

நாங்கள் அடுக்களைக்கு ஓடிய நேரத்தில், ஆல்பத்தின் பிற்பகுதியில் வருகிற ஓர் ஆண் குரல் வந்தது. யிட்சாக் சின்வானி என்ற ஏமன் வழி யூதப் பாடகர், பழைய ஏமன் தேவப் பாடல் ஒன்றை நீட்டி இழுத்துப் பாடுவார். ஓடாத பெரியம்மை முக்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். "இது யாரு? பெரிய வெள்ளிக்கிழமை பாட்டுக்க ராகமாட்டு இருக்கு." அத்தான் விளக்கினார். "அப்பம் சாமி பாட்டெல்லாம் வச்சிருக்காளா? இவளுக்க அப்பனம்மை ஆரு?"

மாமா முந்திக்கொண்டார். "கத்தோலிக்கக் குடும்பந்தான். ஆனா 1989-ல ஒரு பாட்டுல குருசு எரியவச்சி ஆடி, வத்திக்கானே கண்டனம் பண்ணிச்சி. பெப்சிக்காரன் விளம்பரத்த நிறுத்திட்டான்."

"அம்பது லட்சம் டாலர் சம்பளத்தத் திருப்பிக் குடுக்கல்ல" என்றார் அத்தான்.

"குடுக்கல்லியா?" மாமாவின் குரலில் கண்டனம் போய் மரியாதை வந்துவிட்டது.

பெரியம்மைக்கு வத்திக்கானும் வேண்டாம், டாலரும் வேண்டாம். "அம்மை இருக்காளா?"

"இல்ல அத்தை. அம்மைக்க பேரும் மடோனாதான். மார்புல கேன்சர். 1963-ல போய்ட்டா. ஆறு பிள்ளைய. இவளுக்கு அப்பம் அஞ்சு வயசு."

பெரியம்மை கொஞ்சம் பேசாமல் இருந்தார். பிறகு எதிர்வீட்டு சாரைப் பார்த்துச் சொன்னார்: "தாயில்லாப் பிள்ளை. ஆடிட்டுப் போட்டும் சாரே. உமக்கு என்ன?"

சார் சாயாவை முடிக்காமலே போனார். பாட்டு ஒருவழியாக முடிந்தது. அடிப்பிடித்த புளிமுளத்தை எல்லாரும் நன்றாக இருப்பதாகச் சொல்லிச் சாப்பிட்டோம். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அந்த வார நடுவில் விடிகாலைப் பூசை. நான் வீட்டில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கோயில் ஸ்பீக்கரில் பூசைக்கான வேண்டுதல் கருத்துகள் வாசிக்கும் சத்தம் வழக்கம்போல அடுக்களைவரை கேட்டது. நோய் நீங்க, பரீட்சையில் வெற்றி பெற, கல்ஃபில் வேலை கிடைக்க. அப்புறம்: "அமெரிக்காவில் மரித்த மடோனா அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, வேண்டிக்கொள்வோர் தெக்கு வீட்டுக் குடும்பத்தினர்."

தெக்கு வீடு நாங்கள்தான்.

பெரியம்மை முந்தின நாளே கோயில்பிள்ளையிடம் பணம் கட்டிப் பெயர் எழுதிவிட்டு வந்திருக்கிறார். பூசை முடிந்து அவர் வீட்டுக்கு வருவதற்குள் துட்டிக்கு, அதாவது துக்கம் கேட்க, ஆள் வர ஆரம்பித்துவிட்டது. கிழக்கு வீட்டு மைனி, கடைக்காரர் மனைவி, பாட்டுக் குழுவில் பாடுகிற இரண்டு பெண்கள். "ஏன் பிள்ளே, ஒரு வார்த்தை சொல்லல்லியே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். யார் அந்த மடோனா, எந்த வகையில் சொந்தம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அமெரிக்காவில் ஒரு சாவு என்றால் நம் ஊரில் நம்புவதற்கு அது போதும். மேற்கு வீட்டுக்காரர்கூட வந்தார். மாமா அவருக்கு நாற்காலி போட்டார்.

அந்த நேரம் பார்த்து, விட்டுப்போன ஸ்பீக்கரை எடுக்க அத்தான் வந்தார். வெளிநாட்டு விவகாரம் என்றால் அவர்தானே பேச வேண்டும்? மேற்கு வீட்டுக்காரர் எழுந்து அவர் கையைப் பிடித்து, "பாடி இஞ்ச கொண்டு வாறாவளா?" என்று கேட்டார்.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல. அங்கயே அடக்கம் பண்ணியாச்சு."

"எப்பம்?"

"1963-ல."

மேற்கு வீட்டுக்காரர் பிடித்த கையை விடவும் இல்லை, பேசவும் இல்லை. நான் சாயா கொண்டு போவதுபோல் உள்ளே நழுவினேன். வந்தவர்களுக்கு மூன்று பால் பாக்கெட் காலி. கணக்கை அக்காவிடம் சொல்லியாயிற்று. புது ஆல்பம் வரும்போது அத்தான் அதை அவர் வீட்டிலேயே போட்டுக்கொள்ளட்டும் என்றும் சொன்னேன். ஆனால் பெரியம்மை அதற்குள், வரும்போது தன்னைக் கூப்பிட வேண்டும் என்று அத்தானிடம் சொல்லி வைத்திருக்கிறாராம்.