சிராலியில் ஒரு இரவு

துருக்கியின் தெற்குக் கரையில், அந்தால்யாவிலிருந்து 80 கிலோமீட்டர் போல. நெடுஞ்சாலையில் இறங்கி, பைன் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து கீழே போனால் சிராலி. மாடி மாடியாக ஹோட்டல் எதுவும் இல்லை. ஆரஞ்சுத் தோட்டங்களுக்குள் சின்னச் சின்ன விடுதிகள், அவ்வளவுதான்.

கடற்கரை 3 கிலோமீட்டர் நீளம், மணலைவிடக் கூழாங்கல் அதிகம். செருப்பில்லாமல் நடந்து நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்! பெருந்தலைக் கடலாமைகள் கோடையில் இங்கேதான் வந்து முட்டையிடுகின்றன. முட்டைக் குழிகளின் மேல் கம்பிக்கூண்டு வைத்திருக்கிறார்கள். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்துத் திசைமாறிப் போய்விடும் என்பதால், இரவில் கரைப்பக்கம் விளக்கு கூடாது.

அப்புறம் யானார்தாஷ். இருட்டிய பிறகு டார்ச்சோடு மலையேறினோம். பாறை வெடிப்புகளிலிருந்து மீத்தேன் கசிந்து தானாகவே எரிகிறது, அதுவும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக. தீ கக்கும் கிமேரா என்ற கிரேக்கப் புராண மிருகத்தின் கதை இந்த இடத்தோடு சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது. பக்கத்திலேயே நெருப்புக் கடவுள் ஹெபைஸ்டஸின் கோயில் இடிபாடு.

எங்களுக்கு முன்னால் வந்த ஒரு குடும்பம் அந்தத் தீயில் கெட்டில் வைத்துத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்கும் ஒரு கிளாஸ் கிடைத்தது.