லிஃப்ட் பக்கத்துச் சாமான் அறை

எங்கள் முதியோர் குடியிருப்பில் அவரவர் வீடு அவரவருக்கு. சேர்ந்து உட்கார மட்டும் மேல்மாடியில் ஒரு கூடம் இருந்தது. நல்ல காற்று, நல்ல வெளிச்சம், ஆள்தான் கிடையாது. அதைப் புதுப்பிக்கும் குழுவில் என்னையும் போட்டார்கள். முதல் கூட்டத்திலேயே பேச்சு பெரிய டிவிக்கும் புது சோபாவுக்கும் போய்விட்டது.

எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஒரு வாரம் கீழே உட்கார்ந்து கவனித்தேன். எல்லோரும் பேசுவது லிஃப்ட் வாசலிலும் தபால் பெட்டிகளுக்கு எதிரிலும்தான். கால் வலிக்க நின்றுகொண்டே பேசினார்கள்! மேலே போகலாமே என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "உள்ளே யார் இருக்காங்கன்னு தெரியாம கதவைத் திறக்கணும். பிடிக்கலைன்னா உடனே திரும்பி வரவும் சங்கடம்" என்றார். அதற்கப்புறம் நாங்கள் போட்ட திட்டமெல்லாம் அந்தப் பதிலிலிருந்து வந்ததுதான்.

தரைத்தளத்தில் லிஃப்டை ஒட்டி ஒரு சாமான் அறை. அதைக் கேட்டு வாங்க நான்கு மாதம் ஆயிற்று, அந்தக் கதை வேண்டாம். நடைபாதைப் பக்கச் சுவரில் பாதிக்குக் கண்ணாடி வைத்தோம். போகிறபோக்கில் உள்ளே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். வாசலும் இரண்டு. ஒன்றில் நுழைந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மற்றதில் நழுவிவிடலாம்.

நாற்காலி விஷயத்தில் சறுக்கினோம். சுவரோரம் வரிசையாகப் போட்டதில், டாக்டரைப் பார்க்கக் காத்திருப்பவர்கள் மாதிரி எல்லோரும் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராபர்ட் சோமர் என்ற உளவியலாளர் 1950களில் கனடாவின் ஒரு மருத்துவமனை முதியோர் பிரிவில் இதே காட்சியைப் பார்த்திருக்கிறார். சுவரோர நாற்காலிகளைச் சிறு மேசைகளைச் சுற்றி மாற்றிப் போட்டதும் பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கானதாம். நாங்களும் மாற்றினோம், பலன் தெரிந்தது. பெருக்க வருகிறவர் மட்டும் இன்றுவரை சுவரோரமே தள்ளிவைக்கிறார்.

சோபா வேண்டாம் என்று நான் அடம்பிடித்ததற்குக் காரணம் என் முழங்கால். தாழ்வான இருக்கையில் உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும். 45 செ.மீ. உயரமும் இரு பக்கமும் கைப்பிடியும் உள்ள நாற்காலிகளே வந்தன. சக்கர நாற்காலி சுழன்று திரும்ப ஒன்றரை மீட்டர் காலியிடம் விட்டோம்.

சத்தத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் எதிரொலித்ததில், காதுக்கருவி போட்டிருந்தவர்கள்தான் முதலில் வராமல் போனார்கள். கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகள் பதித்து, ஜன்னலுக்குக் கனமான திரை போட்ட பிறகே திரும்பி வந்தார்கள். வாசலில் கிடந்த கறுப்பு மிதியடியைக் குழி என்று நினைத்து ஒருவர் தாண்டப் பார்த்தார். அதை அன்றே எடுத்துவிட்டோம்.

டிவியை மேல்மாடிக் கூடத்தில் வைத்தோம். அதற்காகச் சண்டை போட்ட மூன்று பேரும் அங்கேதான் இருக்கிறார்கள்.