வேலிக்கட்டையின் அடியில் முளைத்தவை

திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக்கு வடக்கே, கடலோர மணல் திட்டி ஒன்றில் இரண்டு வருடம் வேலை செய்தேன். அங்கே பரவியிருந்த நாயுண்ணிப் புதரை அழித்து, மணலில் படரும் அடம்பன் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் திரும்பப் பிடிக்க வைப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. முதல் வருடம் நாங்கள் செய்ததில் பாதி பிழை.

எத்தனை சதுர மீற்றர் வெட்டினீர்கள் என்றுதான் மேலே கணக்குக் கேட்டார்கள். நாங்களும் கத்தியால் கணுக்கால் உயரத்தில் வெட்டிக்கொண்டே போனோம். ஐப்பசி மழை விழுந்து மூன்று கிழமைக்குப் பிறகு போய்ப் பார்த்தால், வெட்டிய ஒவ்வொரு கட்டையிலும் ஏழெட்டுத் துளிர். கூலிக்கு வந்த அக்கா ஒருவர் குந்தியிருந்து பார்த்துவிட்டு, "வேர விட்டுட்டுத் தலைமயிர் வெட்டுற மாதிரி வெட்டினா அடர்த்தியாத்தானே வரும், தம்பி" என்றார். அதற்குப் பிறகுதான் கிண்டுவதற்கு அலவாங்கு எடுத்தோம். தண்டும் வேரும் சேரும் முடிச்சை மண்ணுக்குள்ளிருந்து கிளப்பினால்தான் அது சாகும்.

ஆனால் எனக்கு மனதில் ஆழமாகப் பதிந்தது வேறு விஷயம். மாடு ஏறாமல் இருக்கத் திட்டியின் பின்பக்கம் கட்டை நட்டு முட்கம்பி இழுத்திருந்தோம். அடுத்த மாரியில் அந்தக் கட்டைகளின் அடியில்தான் புது நாயுண்ணிக் கன்றுகள் நின்றன. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வெறும் மணல். அண்ணாந்து பார்த்தால் கட்டைத் தலையில் ஊதா எச்சம். கொண்டைக்குருவியும் மைனாவும் பழுத்துக் கறுத்த பழத்தைத் தின்று, வந்திருந்து இளைப்பாறிய இடம் அது. நாங்கள் காவலுக்குப் போட்ட வேலியே விதைக்கு இறங்குதுறையாகிவிட்டது.

நாயுண்ணி அமெரிக்க வெப்பநாட்டுச் செடி. 1826இல் பேராதனைப் பூங்காவுக்கு அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். அது கடலோரத்து முன்வரிசையில் இலேசில் வேர் பிடிக்காது. உப்புத் தூவானம் இலையைக் கருக்கும், பறக்கும் மணல் கன்றை மூடும். அந்த மணலிலேயே வாழத் தெரிந்தவை அடம்பனும் இராவணன் மீசையும்தான். மூட மூட மேலே வரும், கணுவுக்குக் கணு வேர்விடும், மணலையும் பிடித்துவைக்கும். மணல் ஓய்ந்த பின்பக்கம்தான் நாயுண்ணிக்கு வசதி. வண்டித்தடம், மணல் அள்ளிய குழி, குப்பை கொட்டிய இடம் என்று கொடி அறுந்த இடமெல்லாம் அதற்கு வாசல். ஒருமுறை நிழல் கட்டிவிட்டால் கீழே வேறொன்றையும் எழும்ப விடாது. இலையில் நஞ்சு, ஆடு மாடும் பெரும்பாலும் கடிக்காது.

ஆகவே பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடுவது நாயுண்ணிக்கே பாத்தி கட்டிக் கொடுப்பது மாதிரி. இரண்டாம் வருடம் முதல் மழையோடு அடம்பன் கொடியை முழ நீளத்துக்கு வெட்டி, மூன்று நாலு கணு மண்ணுக்குள் போகும்படி நெருக்கி நட்டோம். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மாவா சொன்னார்கள். தனியாக நட்ட கொடிகள் பல, கச்சான் என்ற வறண்ட காற்றில் காய்ந்து போயின. நெருக்கி நட்ட இடத்தில் தை மாதமே மண் தெரியவில்லை, ஊதாப்பூவும் வந்துவிட்டது.

வேலியை எடுக்க முடியாது, மாடு இன்னும் வருகிறது. அதனால் மாரி முடியும்வரை கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்டையடியும் பார்ப்பதென்று முடிவு செய்தோம். நாலு இலைக் கன்றை இரண்டு விரலால் இழுத்தால் வேரோடு வந்துவிடும். இலையைக் கசக்கினால் எழும்பும் அந்தக் காரமான நெடியை வைத்தே அக்கா கன்றை அடையாளம் கண்டுபிடிப்பார். நான் வேலையை விட்டு வந்த கிழமையும், மடியில் ஒரு சீலைப்பையைக் கட்டிக்கொண்டு அவர் கட்டை கட்டையாகக் குனிந்து போய்க்கொண்டிருந்தார்.